பொன்ட் இல்லாத கடதாசியும் பெருமாள் அண்ணனும்

பிள்ளைகளே, போன கிழமை உங்களில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெயர் சொல்ல மாட்டேன். தலையில் சிவப்புக் கிளிப் போட்டிருந்தவள் என்று மட்டும் சொல்கிறேன், மிச்சத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். கடைக்குப் பழைய ஃபைல் ஏதாவது வந்தால் இன்னமும் என்னைக் கூப்பிட்டு விடுகிறீர்கள். நானும் முழங்கால் வலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வருகிறேன். அன்றைக்கு ஃபைலைத் திறக்கும் முன்னால் மொனிட்டரை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன், எதிரே இருந்த ஆளுக்குத் தெரியாத மாதிரி.

"என்னா பாட்டி, கள்ளப் படம் பாக்கப் போறீங்களா?" என்றாள் சிவப்புக் கிளிப்.

பிறகு திருத்தம் பார்க்கப் புருப் எடுத்துக் கொடுக்கும்போது தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தேன்.

"புதுப் பேப்பர் பாட்டி. பின்னால பேயா இருக்கும்?"

"இருந்துச்சுடி" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பல் இல்லாத வாய்க்கு அது ஒரு வசதி, எந்தச் சிரிப்பும் உண்மை மாதிரியே தெரியும்.

அந்தப் பேயைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். வேலை பழக வந்திருக்கிறீர்கள். கீபோர்டுக் கட்டைகளை எப்படி அமுக்குவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை, என்னைவிட வேகமாக அமுக்குகிறீர்கள். இது வேறு.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் போனவள். அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன், ஆகவே நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் போன பிறகு, தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து பதுளைக்கு இறங்கி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இந்தக் கடையில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி யாழ்ப்பாணத்து ஆள். அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். செத்துப்போன மனுஷனின் கோபத்துக்கு நான் இன்னமும் பயப்படுகிறேன்.

ரைப் அடிக்கிற பிள்ளை கல்யாணம் கட்டிப் போனபோது, சேர் என்னை விளக்குமாற்றோடு கூப்பிட்டுக் கீபோர்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"எனக்கு இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாதே சேர்" என்றேன்.

"அதுதான் நல்லது பிள்ளை. இங்கிலிஷ் தெரிஞ்ச ஆக்களுக்கு முதலிலை அதை மறக்கப் பண்ண வேணும்."

அவர் சொன்னதன் பொருளைக் கேளுங்கள். உங்கள் யுனிகோட்டில் அ என்றால் உலகம் முழுக்க அ. எழுத்துக்குச் சொந்தமாக ஒரு எண் இருக்கிறது, அந்த எண்ணை வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாது. இங்கிலீஷ் எழுத்துக்கு மேலே தமிழ்ச் சட்டை மாட்டி விடுவதுதான் பொன்ட். m என்ற கட்டையை அமுக்கினால் திரையில் அ வரும். k அமுக்கினால் ம. மேலே குத்துகிற புள்ளிக்கு அரைப்புள்ளிக் கட்டை. பெட்டிக்கு உள்ளே எப்போதும் m தான், k தான். வெளியே மட்டும் தமிழ் வேஷம்.

கட்டைகளில் இடம் கிடைக்காத குறிகளும் உண்டு. அவற்றுக்கு ஓரத்தில் இருக்கிற ஆல்ட் கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எண்களை அடிக்க வேண்டும். அந்த எண்களைச் சேர் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். ஓமுக்கு ஒரு எண், சிலுவைக்கு ஒரு எண், பிறைக்கு ஒரு எண். இந்த நாட்டில் எல்லாச் சாமியும் சண்டை போடாமல் ஒரே இடத்தில் தொங்கியது அந்த அட்டையில்தான்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாததால் m என்ற உருவம் என் கண்ணுக்கு அ என்றே பதிந்துவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான். பஸ்ஸில் bus என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தால் நான் 'டிரள' என்று வாசிப்பேன். தேயிலைப் பக்கெட்டில் tea என்று இருந்தால் எனக்கு அது 'வநய'. பேரன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

இதில் ஒரு ஆபத்து இருந்தது. தமிழ் பொன்ட் போடாத கம்ப்யூட்டரில் நம் ஃபைலைத் திறந்தால் சட்டை கழன்றுவிடும். அமரர் என்று நாம் அடித்தது mkuh; என்று வந்து நிற்கும். மேலே வைத்த குத்துவிளக்குச் சதவீதக் குறியாகிவிடும். சுற்றிப் போட்ட பூக்கள் ஒரே எழுத்து வரிசையாகிவிடும். ஒன்று மட்டும் மாறாது. எண்கள் எந்தப் பொன்ட்டிலும் எண்களாகவே இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டிவரும்.

ஒரு தடவை டவுனில் ஒரு வாத்தியார் செத்துப்போனார். மரண அறிவித்தல் நம்மிடம் வந்தது. நம் பிரின்டர் மக்கர் பண்ணியதால், சேர் ஃபைலைப் பிளாப்பியில் போட்டு இன்னொரு பெரிய அச்சகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தவருக்குத் தமிழ் தெரியாது, பொன்ட்டும் போடவில்லை. தமிழ் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து ஒரு கட்டு முழுவதையும் அடித்துத் தள்ளிவிட்டார். பிறகு பொன்ட் போட்டு வேறு தாளில் திரும்ப அடித்தார்கள். பாழாய்ப்போன தாள் கட்டைச் சேர் வீசவில்லை.

"பின்பக்கம் வெள்ளைதானே பிள்ளை. உதுகளிலை புருப் எடுக்கலாம்."

அது நம் கடையில் மட்டும் இருந்த பழக்கம் இல்லை. பதுளையில் ரைப் அடிக்கிற எந்தக் கடைக்குப் போனாலும், திருத்தம் பார்க்கிற புருப் பழைய தாளின் முதுகில்தான் வரும். கடதாசி விலை அப்படி. யாரும் அந்த முதுகைப் பார்ப்பதும் இல்லை.

பெருமாள் அண்ணன் ஸ்பிரிங்வெளிப் பக்கம், நான் பிறந்த லயத்தின் ஆள். தேயிலை பெக்டரியில் வேலை. ஒரே மகள் தவமணிக்குக் கொஸ்லந்தையில் மாப்பிள்ளை பார்த்து நாள் குறித்துவிட்டார்கள். கார்டு அடிக்க என்னிடம்தான் வந்தார். நம் ஆட்கள் கல்யாணக் கார்டு உங்களுக்குத் தெரியும். சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் என்று தோட்டத்தில் பேர் கூப்பிட வரிசையாக நிறுத்துகிற மாதிரி ஒரு பெரட்டே நிற்கும். ஒரு தாய்மாமன் பேர் விட்டுப்போனால் பந்தியில் இலை பறக்கும். அதனால் புருப்பை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் அடிப்பது.

சேர் புருப்பை எடுத்து நீட்டினார். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"தங்கச்சி, தவமணி பேரு எங்க இருக்கு?"

"இந்தா, பூவுக்கு நடுவுல, பெருசா."

"என் பேரு?"

"கீழ, சின்னதா. பொண்ணு கல்யாணத்துல அப்பன் சின்ன ஆளுதாண்ணே."

"அது சரிதான்" என்று சிரித்தார். "மிச்சத்த இப்ப வாசிக்கல. சம்பந்தி வீட்டுல போயி எல்லாருமா குந்திக்கிட்டு வாசிப்போம்."

அப்புறம் அந்தத் தாளை மடித்தார். மகள் பேரில் கை அழுக்குப் படக்கூடாது என்று எழுத்துப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்தார். வெற்றிலை, சீனி, தேங்காய் இருந்த பைக்குள் அதைப் பக்குவமாகச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார். உள்ளே தவமணியின் பூ. வெளியே செத்துப்போன வாத்தியாரின் சட்டை கழன்ற எழுத்து. நாங்கள் மூன்று பேரும் அங்கே நின்றோம். மூன்று பேர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிப் பை பார்ப்பார்கள். தமிழ் ஆள் என்றால் இரண்டு தடவை பார்ப்பார்கள்.

அடுத்த நாள் காலையில் கடை திறக்கும்போதே அண்ணனின் சம்சாரம் அஞ்சலை அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை.

"எறக்கிட்டாங்களாம் தங்கச்சி. பஸ்ஸு கண்டக்டர் வந்து சொன்னாரு. வழியில செக்பொயின்ட்ல, கடுதாசியப் பாத்துட்டு எறக்கிட்டாங்களாம். அதுல என்னாதான் எழுதிக் குடுத்தீங்க?"

சேரின் முகம் சாம்பலாகிவிட்டது. அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பிந்தி விளங்கியது. யாருக்கும் புரியாத எழுத்து. அரைப்புள்ளியும் சதவீதக் குறியும். அதற்கு நடுவே யாரும் வாசிக்கக் கூடிய மாதிரி ஒரு தேதி, ஒரு நேரம், ஒரு டெலிபோன் நம்பர். வாத்தியாரின் பிரேதம் எடுத்த தேதியும் நேரமும்தான். ஆனால் துவக்கோடு நிற்கிறவன் கண்ணால் அதைப் பாருங்கள். எனக்கே பயம் வந்திருக்கும்.

சேர் உள்ளே போனார். மிச்சம் இருந்த தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தார், கையில் நெருப்புப் பெட்டி.

"சேர், இப்ப கடைக்குப் பின்னால பொக வந்தா, அந்தப் பொகையையும் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போவாங்க" என்றேன்.

அவர் நெருப்புப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்ப நான் போய்ச் சொல்லுறன்."

"நீங்க வராதீங்க. உங்க ஐடென்டி கார்டுல பொறந்த ஊரு போட்டிருக்கு. எழுத்த விட்டுப்புட்டு உங்களப் புடிச்சுக்குவாங்க. என்னையப் பாத்தா கடை கூட்டுற பொம்பளன்னு நெனைப்பாங்க. நெனைச்சா அது சரிதானே."

தாள் கட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு நானும் அஞ்சலை அக்காவும் பஸ் ஏறினோம். செக்பொயின்ட் இருந்த ஊர்ப் பொலிஸ் கேட்டுக்குள் நுழையும்போது ஒரு ஜீப் வெளியே வந்தது, பின்னால் கன்வஸ் இழுத்துக் கட்டியிருந்தது. ஹோர்ன் அடித்தான். அக்கா என் கையைப் பிடித்துக் தண்ணீர்க் கான் ஓரமாக இழுத்தார். ஜீப் போனது. நாங்கள் உள்ளே போனோம்.

இன்ஸ்பெக்டர் மோசமான மனுஷன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் தூக்கம் இல்லாத ஆள். பாதித் தமிழ் பேசுவார். மேசையில் அந்தத் தாளின் போட்டோ கொப்பி இருந்தது.

"இது என்னா?"

"செத்த வீட்டு நோட்டீஸ் மாத்தயா."

"எங்க இருக்கு செத்த வீடு? காட்டு."

காட்டினேன். விரலை வைத்து முதல் எழுத்தில் இருந்து வாசித்தேன். அமரர் என்று தொடங்கி, வாத்தியாரின் பேர், அவர் யாருடைய அன்புக் கணவர், யாருடைய பாசமிகு தந்தை, பூதவுடல் எப்போது எடுக்கப்படும் என்பது வரை தடுக்காமல் ஓடினேன். நாலரை வகுப்புப் படித்தவள் வாசித்து ஒரு பொலிஸே அமைதியாகக் கேட்கிறது என்று, சொன்னால் வெட்கம், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இங்கிலீஷ் தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர், மெதுவாக.

"தெரியாது மாத்தயா."

"இங்கிலீஷ் தெரியாது. ஆனா இது வாசிக்கிறது."

எழுதிக்கொண்டார். அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. ரகசிய எழுத்து என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் போய் அதை மளமளவென்று வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

"யார் படிச்சுக் குடுத்தது?"

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு உண்மையான பதில்தான் இருந்தது. அந்தப் பதில் பதுளையில், ஐடென்டியில் யாழ்ப்பாணம் என்று போட்டிருக்கிற ஒரு கிழவர்.

"யாரும் இல்ல மாத்தயா. அடிச்சு அடிச்சு வந்துருச்சு."

"அடிச்சா வரும்" என்றார். "அது நமக்கும் தெரியும்."

கான்ஸ்டபிள் ஒருவன் சிரித்தான். கையில் இருந்ததை இனியும் வைத்திருக்கக் கூடாது என்று பையைத் திறந்து தாள் கட்டை மேசையில் வைத்தேன்.

"இங்க பாருங்க மாத்தயா, எல்லாம் அதே கடுதாசி. ரகசியத்த யாராச்சும் கட்டுக் கட்டா அடிச்சு வைப்பாங்களா?"

அவர் மேலே இருந்த தாளைப் பார்த்தார், கீழே இருந்ததைப் பார்த்தார். கட்டு பாதிதான் இருந்தது.

"மிச்சம் யாருக்குக் குடுத்தது?"

மிச்சம் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் திருவிழா நோட்டீஸ் புருப்பாக ஒரு தோட்டத்துக்கு. சடங்கு வீட்டுக் கார்டாக இன்னொரு லயத்துக்கு. மாட்டி வைத்த சாமி படத்துக்குப் பின்னாலேயும், பெட்டிக்கு அடியிலேயும், அந்த வாத்தியார் பல வீட்டில் இருந்தார். நான் ஒரு பேரைச் சொன்னால் அந்த வீட்டுக்கும் ஒரு ஜீப் போகும்.

"அடுப்பு பத்த வச்சேன் மாத்தயா" என்றேன். "நல்லா எரிஞ்சிச்சு."

எங்கள் இரண்டு பேரையும் சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்காரச் சொன்னார்கள். போகச் சொல்லவில்லை.

"நீ என்னாடி சொன்ன? வந்ததவிட இப்பத்தானே மொறைக்கிறாரு" என்றார் அக்கா காதுக்குள்.

"நல்லா வாசிச்சேன்க்கா. அதான் கோவம்."

"உன்னைய யாரு நல்லா வாசிக்கச் சொன்னா?"

வெயில் வாங்கில் இருந்து நகர்ந்து சுவருக்குப் போனது.

பிற்பகலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. சேர் இறங்கினார். சலவைச் சட்டை. கையில் பெட்ஷீட் சுற்றிய மொனிட்டர், கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. டிரைவர் பின்னால் மற்றப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பதுளையில் பக்கத்துக் கடைக்காரர்கள் அவரைப் போக விடாமல் தடுத்தார்களாம். டிரைவர்தான் பிறகு சொன்னான். "பிள்ளை தனியப் போயிருக்கு. நான் இங்கை இருந்து என்னத்தை ரைப் பண்ணுறது?" என்றாராம்.

என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன், அது அவருக்கும் தெரியும்.

ஐடென்டியைக் கேட்டார்கள். கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். சேர் சுத்தமான சிங்களத்தில், "நான்தான் அந்தத் தாளில் அடித்துக் கொடுத்தவன். இந்தப் பெண் என் வேலைக்காரி, நான் சொன்னதைச் செய்கிறவள். ஒரே ஒரு பிளக் கொடுங்கள், காட்டுகிறேன்" என்றார்.

மேசையில் வயர் எல்லாம் மாட்டிக் கம்ப்யூட்டரைப் பூட்டினார்கள். நான் வாத்தியாரின் நோட்டீஸைத்தான் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் திறந்திருப்பேன். சேர் அதைத் தொடவே இல்லை.

"உங்கள் பெயரைச் சொல்லுங்கள் மாத்தயா" என்றார்.

இன்ஸ்பெக்டர் சொன்னார். நம் கடையில் சிங்கள வேலையும் செய்வோம், அதற்கும் இதே மாதிரிச் சட்டைதான். சேர் சிங்களப் பொன்ட்டில் அவர் பெயரை அடித்தார். உருண்டை உருண்டையாக, அழகாக, பெரிதாக வந்தது. கான்ஸ்டபிள்மார் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். பிறகு சேர் அந்தப் பெயரைத் தெரிவு செய்து, பொன்ட்டை மாற்றினார்.

இன்ஸ்பெக்டரின் பெயர் உடைந்து போனது. இங்கிலீஷ் எழுத்து, அரைப்புள்ளி, ஒரு சதுர அடைப்பு, ஒரு கோடு. செக்பொயின்டில் பிடித்த தாளில் இருந்த அதே ஜாதி.

ஒருவன் களுக்கென்று சிரித்து உடனே நிறுத்திக்கொண்டான். இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்து திரையைத் தொட்டார். அந்த உடைசலில் தன்னைத் தேடுகிற மாதிரி.

"ஆயெத்" என்றார். திரும்பவும்.

சேர் மாற்றினார். பெயர் வந்தது. மாற்றினார். போனது. பிறகு இன்ஸ்பெக்டரே அந்தக் கட்டையைத் தானாக அமுக்கிப் பார்த்தார். வந்தது. போனது. அந்த அறையில் அப்போது யாரும் பொலிஸாகவும் இல்லை, நாங்கள் குற்றவாளியாகவும் இல்லை. எல்லாரும் ஒரு மனுஷனின் பேர் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் ஒன்று இதில் இருக்கிறது என்றால் இதுதான். பயந்து போயிருக்கிற ஆளிடம் உங்களுக்குத் தெரிந்ததை வாசித்துக் காட்டாதீர்கள். உங்களுக்கு அதிகம் தெரியத் தெரிய அவருக்குப் பயம் அதிகமாகும். அவருடைய சொந்தப் பொருள் ஒன்றை எடுத்து, அவர் கண்ணுக்கு முன்னால், அவர் கையாலேயே செய்து பார்க்க விடுங்கள். நான் வாசித்தேன். சேர் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்தார். முகத்தைக் கையால் துடைத்தார்.

"இது காலையில காட்டியிருந்தா நல்லம்" என்றார். எங்களைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க வரக்குள்ள ஒரு ஜீப் போச்சு. அதுல அனுப்பிட்டது. கொழும்புக்கு."

அஞ்சலை அக்காவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த ஜீப்பா?" என்றார். "அந்த ஜீப்புக்கு நான்தானே தங்கச்சி ஒதுங்கி வழி விட்டேன்?"

இன்ஸ்பெக்டர் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினார். இது மரண அறிவித்தல்தான், எழுத்து இயந்திரத்தின் கோளாறு என்று. எங்களுக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டார், அதில் பொய் இல்லை. ஆனால் பெருமாள் அண்ணனை ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆள் முன்னால் போக, கடிதம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அது எந்த மேசையில் களைத்துப் படுத்துக்கொண்டதோ தெரியாது.

என்னை விட்டுவிட்டார்கள். சேரையும் விட்டார்கள். ஆனால் அவர் கிழமைக்கு ஒரு தடவை அந்தப் பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அந்தக் கையெழுத்துக்காக அவர் குடை பிடித்துக்கொண்டு, மழையிலும் பனியிலும், இருமிக்கொண்டு பஸ் ஏறிப் போவார். ஒரு நாள்கூட முணுமுணுத்தது இல்லை. திரும்பி வந்து கீபோர்டைத் தட்டி, "எங்கை விட்டனாங்கள் பிள்ளை?" என்பார். பின்பக்கத்தில் புருப் எடுக்கிற பழக்கம் மட்டும் அன்றோடு நின்றது.

குறித்த நாளில் தவமணியின் கல்யாணம் நடக்கவில்லை. கொஸ்லந்தை ஆட்கள் கொஞ்ச நாள் பொறுத்தார்கள். பிறகு, பொலிஸ் கண் விழுந்த வீட்டில் பெண் எடுக்கப் பயமாயிருக்கிறது என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டிலும் வயசுப் பையன்கள் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்தது. தவமணி கொழும்பில் ஏஜென்சிக்குப் போய், வீட்டு வேலைக்கு வெளிநாடு போனாள். போகும் முன் என்னிடம் வந்தாள்.

"அத்த, என் பேர இங்கிலீசுல எப்பிடி எழுதுறது? அங்க கேப்பாங்களாம்" என்றாள்.

இவ்வளவு காலம் கீபோர்டைத் தட்டிய எனக்கு அது தெரியவில்லை. சேர்தான் எழுதிக் கொடுத்தார்.

சேரின் மரண அறிவித்தலை நான்தான் அடித்தேன். m என்றால் அ, k என்றால் ம. அமரர் என்ற சொல்லை எத்தனை பேருக்கு அடித்திருப்பேன், கை தானாக ஓடும். அன்றைக்கு ஓடவில்லை. புதுத் தாளில், இரண்டு பக்கமும் பார்த்து, எடுத்தேன்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து சாவடிகள் எல்லாம் எடுபட்ட காலத்தில்தான் பெருமாள் அண்ணன் திரும்பி வந்தார். படியேறி வந்த ஆளை எனக்குத் தெரியவில்லை. உடம்பு பாதியாக இருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார்.

"தங்கச்சி, வேநய குடிச்சியா?" என்றார்.

தேயிலைப் பக்கெட்டை நான் 'வநய' என்று வாசிப்பதை லயத்தில் எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தவள் நான்தான். அதைக்கூட அரைகுறையாக ஞாபகம் வைத்திருந்தார். அப்போதுதான் குரலை வைத்துக் கண்டுபிடித்தேன்.

"உக்காருங்கண்ணே."

உட்காரவில்லை. "சேரு எங்க?"

நான் மேசை லாச்சியைத் திறந்து சேரின் நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கினார். வாசிக்கும் முன்னால் அதைத் திருப்பினார். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அதற்குப் பிறகுதான் முன்பக்கம் வாசித்தார்.

"நல்ல மனுஷன்" என்றார். தாளை மேசையில் வைத்தார். "தங்கச்சி, தவமணி கார்டு ஒண்ணு எடுத்துத் தர ஏலுமா? அந்தப் புருப்பு."

"இப்ப என்னாத்துக்குண்ணே அது?"

"நான் இன்னும் அத வாசிக்கலையே."

அவர் சொன்னார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"எந்த எடத்துக்குக் கொண்டு போனாலும் அந்தக் கடுதாசிய மேசையில வச்சாங்க. பின்பக்கம்தான் வைப்பாங்க. நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், ஐயா திருப்பிப் பாருங்க, எம் மக பேரு இருக்குன்னு. ஒரு நாளு திருப்புனாங்க. பூவெல்லாம் பாத்தாங்க. பாத்துட்டு, இது மறைக்கிறதுக்குப் போட்ட மூடி, அப்பிடின்னுட்டாங்க."

கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பழைய பொன்ட் எதுவும் அதில் இல்லை. தவமணியின் பிளாப்பியைத் தேடி எடுத்து உள்ளே தள்ளினேன். ஃபைலைத் திறக்கப் போனேன். கை நின்றது. திறந்தால் முதலில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பூ வராது. தவமணி வர மாட்டாள். அந்த மேசைகளில் வைத்த அதே எழுத்துத்தான் வரும். அண்ணன் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மொனிட்டரைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பினேன்.

"என்னா தங்கச்சி?"

"கண்ணு கூசுதுண்ணே. நீங்க போயி அந்த ஸ்டூல்ல குந்துங்க. பொண்ணக் கூட்டிக்கிட்டு வாறேன்."

அவர் போய் உட்கார்ந்தார். நான் திறந்தேன். வந்தது. அரைப்புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே தவமணி என்று என் கண்ணுக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியாது. பொன்ட்டைத் தேடிப் போட்டேன். ஒவ்வொரு வரியாகச் சட்டையை மாட்டினேன். பூக்களைத் திரும்ப வைத்தேன். கடைசியில் மேலே இருக்க வேண்டிய பிள்ளையார் சுழிக்கு, சேர் தொங்கவிட்ட அட்டையைப் பார்த்து எண்ணை அடித்தேன். எல்லாம் சரியான பிறகுதான் மொனிட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.

நல்ல தாளில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவுடன் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திருப்பி, நின்றபடியே, எழுத்துக் கூட்டி, தவமணியின் பேரில் இருந்து கடைசித் தாய்மாமன் பேர் வரைக்கும் சத்தமாக வாசித்தார். மாப்பிள்ளையின் பேரையும் விடாமல் வாசித்தார். கடையில் இருந்த ஆட்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். யாரும் யாரையும் எழும்பச் சொல்லவில்லை.

வாசித்து முடித்துத் தாளை மடித்தார். பூவும் பேரும் வெளியே தெரிகிற மாதிரி மடித்தார்.

"அழுக்காயிரும்ணே" என்றேன்.

"ஆகட்டும் தங்கச்சி. இந்தப் பக்கம் வெளிய இருக்கட்டும்."

பைக்குள் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்தபடி இறங்கினார். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் அவரைத் தடுக்க ஆள் ஒருவரும் இல்லை. இருந்தாலும் பஸ்ஸில் ஏறும்போது கையை உயர்த்தி, தவமணியின் பேரை எல்லாருக்கும் முதலில் காட்டிவிட்டுத்தான் ஏறினார்.